வாய்க்கும் வால்வுக்கும் நடுவே வேலுமணி

பல் டாக்டர் றெஜினா ஊசியை எடுத்து வேலுமணியின் வாய்க்கு நேரே கொண்டுவந்தார். பேச்சுக் கொடுத்தபடியே குத்திவிடுவது அவர் வழக்கம்.

"ஹார்ட்டில வால்வு லீக் எண்டு சொன்னீங்களாம். அதுக்கு ஆரிட்டைக் காட்டுறனீங்கள், அண்ணை?"

"இங்கதாம்மா, பபிள் டீ கடைக்கு அந்தப் பக்கம். சயந்தன் டாக்டர்."

ஊசி திரும்பிப் போய்த் தட்டில் படுத்துக்கொண்டது.

"அவரிட்டை இருந்து கடிதம் வேணும்."

"எதுக்குங்க?"

"உங்கட முரசில இருந்து ரத்தம் வருது. நான் கிளறினா கிருமி ரத்தத்தில ஏறும். ஏறி நேரா அந்த வால்வில போய்க் குந்தும். ஆன்டிபயாடிக் குடுத்துப்போட்டுச் செய்யிறதோ, குடுக்காமல் செய்யிறதோ எண்டு அவர் எழுதித் தரட்டும். கையெழுத்தோட."

இலங்கைத் தமிழர்கள் ஈறை முரசு என்பார்கள் என்று வேலுமணிக்கு அன்று காலைதான் தெரியும். அதுவரை தன் வாய்க்குள் கோயில் சாமான் இருக்கிறது என்று அவர் நினைத்ததில்லை.

"லீக்குன்னா பெருசா இல்லீங்க. வண்டியில ஏர் பைப் கசியுற மாதிரி லேசா. அது பாட்டுக்கு ஓடும்."

"வண்டி ஓடும். நான் ஓட விடமாட்டன்" என்று டாக்டர் கையுறையைச் சடாரென்று உருவினார்.

வேலுமணி நாமக்கல்காரர். நாமக்கல்லிலும் லாரி ஓட்டினார், டெக்சாஸிலும் லாரிதான் ஓட்டுகிறார். இங்கே அதற்கு டிரக் என்று பெயர், அவ்வளவுதான் வித்தியாசம். ஹூஸ்டன் துறைமுகத்தில் அரிசியும் பருப்பும் ஏற்றி இர்விங்கிலுள்ள ஜைனுதீன் பாயின் கிடங்கில் இறக்க வேண்டும். டிரக் ஓட்டுகிறவனின் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அரசாங்கத்துக்கு ஒரு மெடிக்கல் கார்டு காட்ட வேண்டும். வேலுமணியின் கார்டு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. புதுப்பிக்கப் போன கிளினிக்கில், நெஞ்சில் குழாயை வைத்தவன் புருவத்தைத் தூக்கினான். ஏதோ முணுமுணுப்புக் கேட்கிறதாம். ஹார்ட் டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்தால்தான் கார்டு. கார்டு இல்லாவிட்டால் டிரக் இல்லை.

டாக்டர் தேடும் வேலையை அவர் மனைவி நாகலக்ஷ்மி எடுத்துக்கொண்டாள். வாட்ஸப் குழுவில் விசாரித்து, தமிழ் பேசுகிற டாக்டராகவே பிடித்தாள்.

"வலிக்குதுன்னு இங்கிலீஷ்ல சொன்னா அவனுக்கு எப்படி வலி தெரியும்?" என்பது அவள் கட்சி.

சயந்தன் டாக்டர் எக்கோ என்று நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்தார். பிறகு வாயைத் திறக்கச் சொன்னார். நெஞ்சுக்கு வந்தவனிடம் வாயை ஏன் கேட்கிறார் என்று வேலுமணிக்கு விளங்கவில்லை.

"லீக் பெரிசில்லை. முரசுதான் மோசம். முதல்ல ஒரு பல் டாக்டரிட்டைப் போய்ச் சுத்தம் செய்யுங்கோ, பிறகு கடிதம் தாறன். எத்தினை வருசமா ரத்தம் வருது?"

வேலுமணிக்குக் கணக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் இருக்கும் தமிழன் பல்லை அமெரிக்காவில் பார்ப்பதில்லை, ஊருக்குப் போகும்போது பார்ப்பான். வேலுமணி ஊருக்குப் போனபோதெல்லாம் கல்யாணமோ கருமாதியோ இருந்தது. பல்லின் முறை வரவேயில்லை. அது பாட்டுக்குக் காலையில் துப்பும்போது சிவப்பாக வரும். அவரும் பற்பசையின் நிறம் என்று சமாதானமாகிவிடுவார்.

பல் டாக்டரையும் நாகலக்ஷ்மியே கண்டுபிடித்தாள். அதே பிளாசா. நடுவில் பபிள் டீ கடை மட்டும்தான். பார்க்கிங் ஒரே தடவை, தமிழும் உண்டு. இதைவிட என்ன வேண்டும்?

கையுறை உருவிய கையோடு அனுப்பப்பட்ட வேலுமணி, பபிள் டீ கடையைக் கடந்து சயந்தன் டாக்டரிடம் போனார். வாசலில் அஃபீஃபா இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். டாக்டரின் அப்பாயின்ட்மென்ட், ஃபோன், ஃபேக்ஸ் எல்லாம் அவள்தான்.

"என்ன அங்கிள், இப்பதானே போனீங்க?"

"லெட்டர் வேணுமாம்மா. பக்கத்து பல் டாக்டரம்மாதான் கேட்டாங்க."

அஃபீஃபாவின் கை கீபோர்டில் நின்றது. "றெஜினா டாக்டரா?"

"ஆமா. உனக்குத் தெரியுமா?"

"உள்ள போங்க அங்கிள்" என்றாள் அவள், ரொம்பக் கவனமாகத் திரையைப் பார்த்துக்கொண்டு.

சயந்தன் டாக்டர் விஷயத்தைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"ஆரிட்டைப் போனதெண்டு சொன்னனீங்கள்?"

"றெஜினா டாக்டரம்மாங்க."

"இந்த டெக்சாஸில வேற பல் டாக்டர் இல்லையோ?"

"தமிழ் பேசுறாங்களேன்னு..."

"உங்கட வால்வுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. அது பழைய காலத்துப் பழக்கம், இப்ப சட்டம் மாறிட்டுது. அவ அதைப் படிக்காட்டி நான் என்ன செய்ய? முதல்ல முரசு சுத்தம் எண்டு அவ எழுதட்டும். பிறகு நான் எழுதுறன்."

"அவங்க, நீங்க எழுதினாத்தான் சுத்தம் பண்ணுவேங்கிறாங்க."

"சுத்தம் பண்ணினாத்தான் நான் எழுதுவன்."

சுங்கச் சாவடியில் சில்லறை இல்லாமல் மாட்டிக்கொண்ட லாரியைப் போல இருந்தது வேலுமணிக்கு.

"ஒரு ஃபோன் போட்டுப் பேசிருங்களேன் டாக்டர். சுவத்தைத் தட்டினாக்கூடக் கேக்கும்."

"ஃபோன் எடுக்கிறதெண்டா அவ எடுக்கட்டும்."

வேலுமணி மறுபடி பபிள் டீயைத் தாண்டிப்போய்க் கேட்டார். "அவர் எடுக்கட்டும்" என்றார் றெஜினா.

அன்று சாயங்காலம் நாகலக்ஷ்மி இரண்டு உறுப்புக்கும் சேர்த்து வைத்தியம் ஆரம்பித்தாள். நெஞ்சுக்கு உப்பு ஆகாது என்று குழம்பில் உப்பை நிறுத்தினாள். ஈறுக்கு உப்புத் தண்ணீர் நல்லது என்று ஒரு சொம்பு நிறையக் கரைத்துக் கொடுத்தாள்.

"உப்பு வாயிலயே நிக்கணும், தொண்டைக்குக் கீழ போகக் கூடாது. புரியுதா?"

"சாப்பாட்ட இந்தத் தண்ணியில தொட்டுக்கவா?"

"கொழுப்பப் பாரு. அதுவும் ஹார்ட்டுக்கு ஆகாது."

பச்சைப் பூண்டு வந்தது. நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு வந்தது. கிராம்பை அரைத்துப் பூசியதில் நாக்கு மரத்து, உப்பு இல்லாத குழம்பும் உப்பு உள்ள தண்ணீரும் ஒரே ருசியானது. அதுதான் அன்றைய ஒரே லாபம்.

ஜைனுதீன் பாய் ஃபோன் செய்தார். "வேலுமணி, திங்கக்கிழமை லோடு இருக்கு. கார்டு வந்துருச்சா?"

"வந்துரும் பாய்."

"வரலன்னா அந்தப் புதுப் பையன் அனிருத்த அனுப்பணும். அனுப்பிட்டா அப்புறம் ரூட்டு அவன்கிட்டயே போயிரும், என்மேல கோவிக்காதே. கடக்காரனுங்க என்னைய உரிக்கிறானுங்க."

பாய் கெட்டவர் இல்லை. அதனால்தான் அவர் சொன்னதை வேலுமணியால் தள்ளிவிட முடியவில்லை. கெட்டவர் சொன்னால் மிரட்டல் என்று விட்டுவிடலாம். நல்லவர் சொன்னால் நடந்துவிடும்.

"ஒரு வடை போட்டுக் குடுப்போம்" என்றாள் நாகலக்ஷ்மி. "வாய்க்கு ருசியா எதாச்சும் போனா மனசு எளகும். டாக்டரா இருந்தா என்ன, நாக்கு இல்லையா?"

மறுநாள் காலை வேலுமணி இரண்டு டப்பா உளுந்து வடையோடு றெஜினா டாக்டரிடம் போனார். டாக்டர் அங்கேயே ஒன்றைக் கடித்தார். கண்ணை மூடினார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"மற்ற டப்பா ஆருக்கு?"

"சயந்தன் டாக்டருக்குங்க."

றெஜினா அதையும் வாங்கி உள்ளே வைத்தார். "அவருக்கு எண்ணெய்ச் சாப்பாடு கூடாது."

வேலுமணி வெறுங்கையோடு, ஆனால் வடை வாசத்தோடு, அடுத்த டாக்டர் முன் நின்றார். சயந்தன் இரண்டு தடவை மூக்கை இழுத்தார்.

"என்ன வாசம்?"

வேலுமணி பொய் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து பூண்டு தின்ற வாயில் பொய் சட்டென்று வரவில்லை. "உங்களுக்கும் ஒரு டப்பா கொண்டாந்தேன் டாக்டர். அந்தம்மா வாங்கி வெச்சுக்கிட்டாங்க. உங்களுக்கு எண்ணெய் ஆகாதாம்."

டாக்டரின் காதுமடல் சிவந்தது. "எனக்கு எது ஆகும், எது ஆகாது எண்டு அவ சொல்லத் தேவையில்லை! அஃபீஃபா! இவருக்கு இன்னொருக்கா எக்கோ எடுங்கோ!"

"நேத்துதானே எடுத்தீங்க?"

"நேற்றையான் ஹார்ட் நேற்றோட போச்சு."

ஆக, வடை போட்டதில் ஒரு எக்கோ கூடிற்று. நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவிக்கொண்டு படுத்திருந்தபோது வேலுமணிக்கு ஒன்று தெளிவானது. படித்தவர்களுக்குள் தொழில் போட்டி இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். இதுதான் அது. ஒரே பிளாசாவில் இரண்டு பேர் கடை போட்டால் இப்படித்தான்.

"அவங்க சரின்னு சொன்னாங்கன்னு இவங்ககிட்டயும், இவங்க சரின்னு சொன்னாங்கன்னு அவங்ககிட்டயும் சொல்லிரு" என்றாள் நாகலக்ஷ்மி ஃபோனில். "நம்ம வீட்டுல உங்கம்மாவுக்கும் எனக்கும் நடுவுல எத்தனை வருஷம் அப்படித்தானே ஓட்டுன?"

அதுவும் உண்மைதான். அந்த வேலையில் வேலுமணிக்கு அனுபவம் உண்டு.

வியாழக்கிழமை றெஜினாவின் நாற்காலியில் சாய்ந்ததுமே அவர் ஆரம்பித்தார். "டாக்டர் சொல்லிட்டாருங்க. மாத்திரையெல்லாம் வேண்டாமாம். கடுதாசி அப்புறம் தர்றேன், நீங்க ஆரம்பிங்கன்னாரு."

"அப்பிடியோ சொன்னவர்?"

"ஆமாங்க. அது மட்டுமா? 'றெஜினா டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்'னாரு."

றெஜினாவின் முகத்தில் விளக்குப் போட்டது போல ஒரு வெளிச்சம். ஊசி குத்தியதே தெரியவில்லை. வலப்பக்க ஈறு முழுக்க மெதுவாக, பூத்தொடுப்பது போலச் சுரண்டினார். இடையில் ஏதோ மெட்டு ஒன்றை முணுமுணுக்கவும் செய்தார். வேலுமணி, வாய் பிளந்த நிலையிலேயே, மனைவியின் புத்தியை மெச்சிக்கொண்டார்.

வலப்பக்கம் முடிந்து இடப்பக்கம் திரும்பும்போது கருவி நின்றது.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. எந்தச் சொல்லால சொன்னவர்? 'சரியாத்தான் இருக்கும்' எண்டோ?"

"ஆ... ஆமா..."

"ஒருக்காலும் இல்லை." அவர் கருவியைக் கீழே வைத்தார். முகத்து விளக்கு அணைந்துபோயிருந்தது. "அவர் அப்பிடி ஒரு வசனம் சொல்லுற ஆளில்லை. நீங்கள் பொய் சொல்லுறியள். எழும்புங்கோ."

"அம்மா, பாதி வாய்..."

"மற்றப் பாதி கடிதத்தோட."

வாயின் வலப்பக்கம் மரத்து, அந்தப் பக்கம் எச்சில் வழிய, வேலுமணி பபிள் டீ கடையைக் கடந்தார். கடைப்பெண் இப்போதெல்லாம் அவரைக் கண்டால் கையசைக்கிறாள்.

"அரை வாயோ?" என்றார் சயந்தன் டார்ச் அடித்துப் பார்த்து. "அரைவாசியில விட்டுட்டுப் போறதுதான் அங்கத்தை வழக்கம். ம். செய்த பாதி நல்லாத்தான் செய்திருக்கிறா." அந்தப் பாதியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிபி பார்த்தார். மெஷின் காட்டியதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இப்ப இதுவும் ஏறிட்டுது. இப்பிடி இருந்தா நான் கடிதம் தந்தாலும் கிளினிக்கில கார்டு தரமாட்டினம்."

போன வாரம் வேலுமணிக்கு ஒரே ஒரு குறை இருந்தது. இப்போது கசிகிற வால்வு, பாதி ஈறு, ஏறின பிபி, உப்பில்லாத நாக்கு. வைத்தியம் இன்னும் கொஞ்சம் நடந்தால் ஆளே மிஞ்ச மாட்டார் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் நாகலக்ஷ்மியிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் போய் றெஜினாவின் நாற்காலியில் படுத்தார்.

"கடிதம்?"

பதிலுக்கு வேலுமணி இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்தார். "டாக்டரம்மா... இங்க... என்னமோ பண்ணுது..."

றெஜினாவின் முகம் வெளுத்தது. உதவிக்கு இருந்த பெண்ணை ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, அவரே வாசலைத் திறந்து ஓடினார். அப்படி ஒரு ஓட்டத்தை வேலுமணி எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண் நம்பரை அழுத்தி முடிப்பதற்குள் டாக்டரம்மா திரும்பி வந்துவிட்டார். பின்னாலேயே சயந்தன், ஒரு காலில் மட்டும் செருப்போடு.

சயந்தன் நாடி பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்தார். நிமிர்ந்தார்.

"ஃபோனை வையுங்கோ, பிள்ளை. ஒண்டுமில்லை. நடிப்பு."

"எப்பிடித் தெரியும்?" என்றார் றெஜினா மூச்சு வாங்க.

"வலப்பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு படுத்திருக்கிறார்."

வேலுமணி கையை இடப்பக்கம் மாற்றினார். காலம் கடந்துவிட்டது என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் அவருக்கே தெரியாமல் குரல் உயர்ந்தது.

"ஆமா, நடிப்புத்தான். வேற என்னய்யா பண்ணச் சொல்றீங்க? இந்த வாயும் இந்த நெஞ்சும் ஒரே உடம்புலதானே இருக்கு? வாயை இங்க கழட்டி வெச்சுட்டு நெஞ்சை மட்டும் அங்க தூக்கிட்டுப் போகவா? வாய்க்கிருமி நெஞ்சுக்குப் போகும்னு ரெண்டு பேரும் சொல்றீங்க. ஒரு கிருமிக்குத் தெரியுது இதுக்கும் அதுக்கும் வழி இருக்குன்னு. உங்க ரெண்டு பேருக்கும் தெரியலையா? திங்கக்கிழமையில இருந்து என் டிரக்கை இன்னொருத்தன் ஓட்டுவான். இந்த வயசுல நான் எங்க போய் வேலை கேப்பேன்?"

பபிள் டீ கடையில் ஏதோ மெஷின் கடகடவென்று சுற்றுவது சுவர் வழியாகக் கேட்டது.

"ஆன்டிபயாடிக் தேவையில்லை" என்றார் சயந்தன், சுவரைப் பார்த்து.

"அதை என்னட்டை ஆர் சொன்னது? ஆளிட்டைச் சொல்லி விட்டா சொன்னதாகுமோ?" என்றார் றெஜினா, தட்டைப் பார்த்து.

"இப்ப சொல்லுறன்தானே."

"இப்ப கேக்கிறன்தானே."

வேலுமணி சட்டென்று சாய்ந்து வாயைத் திறந்தார். இந்த நேரத்தில் ஒரு சொல் கூடப் பேசினாலும் காரியம் கெடும் என்று அவருக்குத் தோன்றியது. நல்லவேளையாக றெஜினா வாய்க்குள் ஒரு ரப்பர் கட்டையை முட்டுக் கொடுத்து அந்த ஆபத்தையும் நீக்கினார்.

ஃபோன் வைத்த பெண் பயத்தில் அழுதுகொண்டே வெளியே போயிருந்தாள். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க ஆளில்லை. சயந்தன் கொஞ்சம் தயங்கினார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு குழாயை எடுத்தார்.

"இஞ்சாலை பிடியுங்கோ" என்றார் றெஜினா.

"இப்பிடியோ?"

"ம். இன்னும் கொஞ்சம் கீழ."

"இப்ப?"

"ம். சரி."

வெளிச்சத்தில் இரண்டு தலைகள் வேலுமணியின் வாய்க்கு மேலே முட்டிக்கொள்கிற தூரத்தில் குனிந்திருந்தன. ஹார்ட் டாக்டர் எச்சில் உறிஞ்சுகிறார், பல் டாக்டர் நடுநடுவே "பிபி எவ்வளவு காட்டுது?" என்று கேட்கிறார், அவர் பார்த்துச் சொல்கிறார். பிபி இறங்கிக்கொண்டே வந்தது. இடப்பக்கத்துக்கு வலப்பக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. முடிந்த பிறகும் இருவரும் அவர் வாயை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அப்படிப் பார்க்க அதில் என்ன இருக்கிறதென்று வேலுமணிக்குத் தெரியவில்லை. ரப்பர் கட்டையை அவரே எடுத்துத் தட்டில் வைத்தார்.

கடிதத்தை அங்கேயே எழுதினார்கள். சயந்தன் சொல்ல, றெஜினா தட்டச்சு செய்ய, அச்சடித்ததில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பேனாவை அவரிடமிருந்து இவர் வாங்கியபோது வேலுமணி பெருமூச்சு விட்டார்.

கடிதத்தை அஃபீஃபாவிடம் கொண்டுபோனார். அவள் அதைப் பார்த்தாள். இரண்டு கையெழுத்தையும் பார்த்தாள். கிளினிக்குக்கு ஃபேக்ஸ் அனுப்பி, ஃபோனும் செய்தாள்.

"ஓகே சொல்லிட்டாங்க அங்கிள். சாயங்காலத்துக்குள்ள போய் பிபி காட்டிட்டு கார்ட வாங்கிக்கலாமாம்."

வேலுமணி அங்கிருந்தபடியே ஜைனுதீன் பாயைக் கூப்பிட்டார். மரத்த வாயால் "லோடு என்னுதுதான் பாய்" என்று சொல்ல மூன்று முயற்சி தேவைப்பட்டது. பாய் யாரோ குடிகாரன் என்று முதல் இரண்டு தடவையும் வைத்துவிட்டார்.

"டாக்டர் எங்க அங்கிள்? அடுத்த பேஷன்ட் வெய்ட் பண்றாங்க."

"ரெண்டு பேரும் பபிள் டீ கடையில உக்காந்திருக்காங்கம்மா. ஒரு டீயில ரெண்டு குழாயப் போட்டுக்கிட்டு, முந்தாநேத்து வடையத் தின்னுக்கிட்டு." வேலுமணிக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்திருந்தது. "நல்ல மனுசங்கதான். பக்கத்துல பக்கத்துல இருந்தும் பழக்கமில்லாமப் போச்சு, பாவம். என்னால ஆனது, ரெண்டு பேரையும் அறிமுகம் பண்ணி வெச்சுட்டேன்."

அஃபீஃபா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"அங்கிள், அவங்களுக்குக் கல்யாணம் ஆகி பதினெட்டு வருஷம் ஆச்சு. பேசாம இருந்ததுதான் மூணு மாசம்."